எச்ஐவிக்கு முன்னால் துண்டு போட்டு இடம் பிடிக்கும் புரதங்கள்

எச்ஐவி என்ன செய்யும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே வரியில் பதில் வரும்: உடம்பின் எதிர்ப்பு சக்தியை அழித்துவிடும். அந்த வரியில் தவறில்லை. ஆனால் அதைக் கேட்டதும், வைரஸ் உள்ளே வந்த நாளிலிருந்து உடம்பு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. அது சரியில்லை. மருந்தே எடுக்காதவர்களுக்குக்கூட, தொற்று எய்ட்ஸ் நிலைக்கு முற்றச் சராசரியாக எட்டிலிருந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. தினமும் கோடிக்கணக்கில் பெருகக்கூடிய ஒரு வைரஸுக்கு அது மிக நீண்ட காலம். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் யாரோ அதை மடக்கிப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த 'யாரோ'வில் பல பேர் உண்டு. தொற்றிய செல்லைத் தேடிக் கொல்லும் வெள்ளணுக்கள், அவற்றுக்குத் துணை நிற்கும் எதிர்ப்பான்கள் எனப் பட்டியல் நீளும். அதில் அதிகம் பேசப்படாத ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். நோயெதிர்ப்பு செல்கள் தம்மைச் சுற்றிக் கசியவிடும் சின்னச் சின்னப் புரதங்கள் அவை. வைரஸை அவை தொடுவதே இல்லை. ஆனாலும் அதை வெளியே நிறுத்திவிடுகின்றன. எப்படி என்று புரிந்துகொள்ள, முதலில் ஒரு சோதனைத் தட்டைப் பார்க்க வேண்டும்.

1986, சான் பிரான்சிஸ்கோ. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜே லெவி, கிறிஸ்டோபர் வாக்கர் ஆகியோர் இருந்த குழு, எச்ஐவி தொற்று இருந்தும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த சிலருடைய ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை எடுத்துத் தட்டில் வளர்த்தது. தொற்று இருக்கிறது என்றால் சில நாட்களில் தட்டில் வைரஸ் தலைகாட்ட வேண்டும். காட்டவில்லை. அப்போது அந்த வெள்ளணுக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு வகையை மட்டும் பிரித்து வெளியே எடுத்தார்கள். அதன் பெயர் சிடி8 டி செல். அதை எடுத்ததும் தட்டில் வைரஸ் பெருகத் தொடங்கியது. அதே ஆளின் சிடி8 செல்களைத் திரும்பப் போட்டார்கள். வைரஸ் மறுபடி அடங்கியது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சிடி8 செல்லுக்குப் பாடப்புத்தகத்தில் 'கொல்லும் செல்' என்றுதான் பெயர். தொற்றிய செல்லைக் கண்டுபிடித்து அதை அழிப்பது அதன் வேலை. எனவே இந்தத் தட்டிலும் அதைத்தான் செய்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தொற்றிய செல்கள் தட்டில் உயிரோடுதான் இருந்தன. அவற்றிலிருந்து வைரஸ் வருவது மட்டும்தான் நின்றிருந்தது. பிறகு செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. சிடி8 செல்களைப் போடவே வேண்டாம். அவை வளர்ந்த திரவத்தை மட்டும் வடித்து ஊற்றினாலும் வைரஸ் ஓரளவு அடங்கியது. அப்படியானால் அந்தச் செல்கள் எதையோ வெளியே விடுகின்றன. அந்த 'எதையோ'வுக்கு லெவி சிடி8 செல்லின் வைரஸ் எதிர்ப்புக் காரணி என்று பெயர் வைத்தார். சுருக்கமாக சிஏஎஃப்.

அதே 1986-ல்தான் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேர்ந்து எடுத்த முயற்சியில், சென்னையில் திரட்டி வேலூர் சிஎம்சியில் சோதித்த ரத்த மாதிரிகள் வழியாக, இந்தியாவிலும் எச்ஐவி இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. ஒரு பக்கம் வைரஸ் நம் ஊரிலும் இருக்கிறது என்ற செய்தி. இன்னொரு பக்கம் உடம்புக்குள்ளேயே அதைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற செய்தி. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

திரவத்துக்குள் இருந்தது என்ன?

அடுத்த ஒன்பது ஆண்டுகள் பல ஆய்வுக்கூடங்கள் அந்தத் திரவத்தைத் துழாவின. வேலை சுலபமில்லை. செல் வளர்ந்த திரவத்தில் நூற்றுக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும். அதில் எது வைரஸைத் தடுக்கிறது என்று அறிய, திரவத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் வைரஸும் செல்லும் இருக்கும் கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். எந்தப் பகுதியில் வைரஸ் அடங்குகிறதோ அதை எடுத்து மறுபடி பிரிக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான், ஆனால் கல் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் பொறுக்க வேண்டும்.

1995 டிசம்பரில் விடை வந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ராபர்ட் காலோவின் ஆய்வுக்கூடத்தில் ஃபியோரென்சா கொக்கி, பாவ்லோ லுஸ்ஸோ முதலியோர் மூன்று புரதங்களைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். ரான்டெஸ், எம்ஐபி-1 ஆல்ஃபா, எம்ஐபி-1 பீட்டா. இன்றைய பெயரிடலில் இவை முறையே சிசிஎல்5, சிசிஎல்3, சிசிஎல்4. இவைதான் என்று எப்படி உறுதி செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு புரதத்தையும் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பான்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் கட்டிப்போட்டபோது திரவத்தின் தடுக்கும் சக்தி முழுசாகப் போகவில்லை. மூன்றையும் சேர்த்துக் கட்டிப்போட்டதும் போய்விட்டது. மூன்றும் கூட்டாகத்தான் வேலை செய்திருக்கின்றன.

ஆச்சரியம் என்னவென்றால், இவை புதிய புரதங்களே இல்லை. வேறு வேலைக்காக ஏற்கெனவே தெரிந்த ஆட்கள். இவற்றின் குடும்பப் பெயர் கீமோகைன். காலில் முள் குத்தினால் சற்று நேரத்தில் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது அல்லவா? அங்கே இருக்கும் செல்கள் 'இங்கே ஆள் வேண்டும்' என்று குரல் கொடுக்கின்றன. அந்தக் குரல்தான் கீமோகைன். அது ரத்தத்திலும் திசுவிலும் பரவும்; ரத்தக் குழாயில் போய்க்கொண்டிருக்கும் வெள்ளணு அதை உணர்ந்து, எந்தப் பக்கம் அதிகமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். கறிக்குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டே வீட்டைக் கண்டுபிடிப்பது போல. மனித உடம்பில் இப்படி ஐம்பதுக்கு நெருங்கிய கீமோகைன்கள் இருக்கின்றன. எல்லாமே மிகச் சிறியவை. ரான்டெஸில் 68 அமினோ அமிலங்கள்தான்.

சரி, ஆள் கூப்பிடுவது இவற்றின் வேலை. அதற்கும் வைரஸைத் தடுப்பதற்கும் என்ன சம்பந்தம்? 1995 டிசம்பரில் இது யாருக்கும் புரியவில்லை. இன்னொரு குழப்பமும் இருந்தது. நோயாளிகளிடமிருந்து நேரடியாக எடுத்த பெரும்பாலான வைரஸ்களை இந்த மூன்றும் தடுத்தன. ஆய்வுக்கூடத்தில் பல தலைமுறை வளர்த்துப் பழக்கிய வைரஸ்களைத் தடுக்கவில்லை. ஒரே எச்ஐவி, ஆனால் ஒன்று அடங்குகிறது, இன்னொன்று அடங்கவில்லை.

இரண்டாவது கதவு

எச்ஐவி நுழைய விரும்புவது சிடி4 டி செல்லுக்குள். மற்ற செல்களை வழிநடத்தும் செல் இது. இது குறைந்துபோவதுதான் எய்ட்ஸ். இதன் மேற்பரப்பில் இருக்கும் சிடி4 என்ற புரதத்தை வைரஸ் பற்றிக்கொள்கிறது என்பது 1984-லேயே தெரியும். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கும் 1986-லேயே ஒரு தடயம் கிடைத்தது. மனித சிடி4-ஐ எலியின் செல்லில் முளைக்க வைத்துப் பார்த்தார்கள். வைரஸ் வந்து ஒட்டியது. உள்ளே போகவில்லை. மனித செல்லில் இருந்து எலி செல்லில் இல்லாத வேறு ஏதோ ஒன்றும் வேண்டியிருந்தது.

1996 மே மாதம் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் எட்வர்ட் பெர்கரின் குழு அந்த இரண்டாவது பொருளைக் கண்டுபிடித்தது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் பழக்கிய வைரஸ்கள் பயன்படுத்தும் கதவு. இன்று அதை சிஎக்ஸ்சிஆர்4 என்கிறோம். அதன் உருவத்தைப் பார்த்ததும் பலருக்குப் பொறி தட்டியது. அது கீமோகைன் ஏற்பிகளின் சாயலில் இருந்தது. அதாவது கீமோகைனின் குரலைக் கேட்கும் காது. பழக்கிய வைரஸுக்கு ஒரு கீமோகைன் காது கதவாக இருக்கிறது என்றால், நோயாளியிடமிருந்து எடுத்த வைரஸுக்கு அந்த மூன்று கீமோகைன்களின் காது கதவாக இருக்க வேண்டும்! அடுத்த மாதமே, ஜூனில், ஐந்து குழுக்கள் தனித்தனியாக ஒரே பெயரைச் சொல்லின: சிசிஆர்5. ரான்டெஸ், எம்ஐபி-1 ஆல்ஃபா, எம்ஐபி-1 பீட்டா மூன்றும் வந்து உட்காருவது இதில்தான்.

நுழைவு எப்படி நடக்கிறது என்று மெதுவாகப் பார்ப்போம். வைரஸின் மேல் காளான் போல நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளின் தலைப்பகுதிக்கு ஜிபி120 என்று பெயர். அது முதலில் சிடி4-ஐப் பற்றுகிறது. பற்றியதும் அதன் வடிவம் மாறுகிறது. அதுவரை மடங்கி மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே வருகிறது. அந்தப் பகுதி பக்கத்தில் சிசிஆர்5 இருக்கிறதா என்று தேடிப் பற்றுகிறது. இரண்டு பிடியும் கிடைத்த பிறகுதான் முள்ளின் அடிப்பகுதியான ஜிபி41 ஈட்டி போல நீண்டு செல்லின் சவ்வில் குத்தி, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் ஒன்றோடொன்று இழுத்துச் சேர்க்கிறது. சவ்வுகள் ஒன்றானதும் வைரஸின் சரக்கு உள்ளே கொட்டுகிறது.

இந்த வரிசையில் இரண்டாவது பிடியில்தான் கீமோகைன் குறுக்கே வருகிறது. கூட்டம் நிரம்பிய பேருந்து நிலையத்தில், பேருந்து வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். படியேறி வருபவர் காலியாக இருக்கிறதே என்று பார்த்தால் துண்டு கிடக்கும். ரான்டெஸ் செய்வது அதுதான். சிசிஆர்5-இல் முன்கூட்டியே உட்கார்ந்துவிடுகிறது. வைரஸ் சிடி4-ஐப் பற்றிக்கொண்டு வடிவம் மாறி நிற்கிறது, இரண்டாவது பிடிக்கு இடமில்லை.

துண்டு உவமை இதற்கு மேல் பொருந்தாது. ஏனென்றால் கீமோகைன் வந்து உட்கார்ந்ததும் செல் அந்த ஏற்பியையே உள்ளே இழுத்துக்கொள்கிறது. செய்தி வந்துவிட்டது, காதைச் சற்று மூடிக்கொள்வோம் என்ற ஏற்பாடு இது. எல்லாச் சாதாரண நாட்களிலும் நடப்பது. கொஞ்ச நேரம் கழித்து ஏற்பி மறுபடி மேலே வரும். ஆனால் அதுவரை செல்லின் மேற்பரப்பில் சிசிஆர்5 எண்ணிக்கை குறைவு. இருக்கை பிடிக்கப்பட்டது மட்டுமல்ல, இருக்கையையே கழற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இந்த இரண்டாவது வேலையின் பங்கு சின்னதில்லை. ரான்டெஸைச் சற்றே மாற்றி, ஏற்பி மேலே திரும்பி வராதபடி செய்தபோது அதன் தடுக்கும் சக்தி பல மடங்கு கூடியது. அப்படி மாற்றிய ஒரு வகையைப் பெண் குரங்குகளின் பிறப்புறுப்பில் பூசி, எச்ஐவியின் நெருங்கிய உறவான வைரஸிலிருந்து அவற்றைக் காக்க முடியும் என்று 2004-ல் காட்டினார்கள்.

பழைய குழப்பமும் இங்கே தீர்கிறது. ஆய்வுக்கூட வைரஸ்கள் சிஎக்ஸ்சிஆர்4 வழியாகப் போகின்றன. சிசிஆர்5-இல் எத்தனை துண்டு போட்டாலும் அவற்றுக்குக் கவலையில்லை. சிஎக்ஸ்சிஆர்4-க்கும் தனியாக ஒரு கீமோகைன் உண்டு, எஸ்டிஎஃப்-1 என்று. அதைப் போட்டால் அந்த வைரஸ்கள் நிற்கின்றன என்பதும் அதே 1996-ல் தெரிந்தது.

கதவே இல்லாதவர்கள்

இந்தக் கதையில் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருந்து வந்த சாட்சி ஒருவர் உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டீவன் க்ரோன் என்ற ஓவியர். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய துணைவர் எய்ட்ஸால் இறந்தார். நண்பர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். அதே வாழ்க்கை வாழ்ந்த இவருக்குத் தொற்று வரவில்லை. ஏன் எனக்கு மட்டும் வரவில்லை என்று அவரே ஆய்வாளர்களைத் தேடிப் போனார். ஏரன் டயமண்ட் ஆய்வு மையத்தில் அவருடைய சிடி4 செல்களில் வைரஸை எவ்வளவு ஊற்றியும் அது நுழையவில்லை. காரணம் 1996-லேயே கிடைத்தது. சிசிஆர்5-க்கான மரபணுவில் 32 எழுத்துகள் அவருக்கு விட்டுப்போயிருந்தன, அதுவும் அப்பா வழி, அம்மா வழி இரண்டு பிரதியிலும். அதனால் ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கே வருவதில்லை. நண்பர்களை வரிசையாகப் பறிகொடுத்துவிட்டுத் தன் உடம்பை ஆய்வுக்குக் கொடுத்த அந்த மனிதரிடம் மருத்துவ உலகம் பட்ட கடன் பெரியது.

ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இப்படி இரண்டு பிரதியும் விட்டுப்போயிருக்கும். நம் பகுதியில் இந்த மாற்றம் மிக அபூர்வம். ஆனால் நமக்கு இந்தக் கதவு வேறு வகையில் முக்கியம். இந்தியாவில் பரவியிருக்கும் எச்ஐவி பெரும்பாலும் சி வகை. சி வகை வைரஸ், நோய் முற்றிய நிலையிலும் பெரும்பாலும் சிசிஆர்5-ஐயே பிடித்துக்கொண்டிருக்கும். மேலை நாடுகளில் அதிகம் காணப்படும் பி வகை, போகப் போகப் பல நோயாளிகளிடம் சிஎக்ஸ்சிஆர்4-க்கு மாறிவிடுகிறது.

கதவின் பெயர் தெரிந்ததும் மருந்து செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? கீமோகைனையே ஊசியாகப் போடலாமே என்று தோன்றும். ஆனால் அது உடம்பில் சீக்கிரம் கரைந்துபோகும். கூடவே அதன் இயல்பான வேலையையும் செய்யும், அதாவது தேவையில்லாத இடத்தில் அழற்சியைக் கிளப்பும். அதனால் குரல் கொடுக்காமல் கதவை மட்டும் அடைக்கும் சிறிய மூலக்கூறைத் தேடினார்கள். ஃபைசர் நிறுவனத்தின் மாராவிராக் 2007 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது இருக்கையில் உட்காருவதில்லை. ஏற்பியின் உள்ளே ஒரு குழிக்குள் ஆப்பு போலச் செருகிக்கொண்டு, ஏற்பியின் வடிவத்தையே வைரஸுக்குப் பிடிபடாதபடி மாற்றி நிறுத்திவிடுகிறது. எச்ஐவி மருந்துகளில் பெரும்பாலானவை வைரஸின் உறுப்புகளைத் தாக்கும். இது நம் செல்லின் உறுப்பைக் காக்கும். நோயாளியின் வைரஸ் எந்தக் கதவைப் பயன்படுத்துகிறது என்று சோதித்த பிறகே இதைக் கொடுக்க முடியும். இன்று இதைவிட எளிய, விலை குறைந்த மருந்துகள் இருப்பதால் இதன் பயன்பாடு குறைவுதான்.

கதவை முழுசாக எடுத்துவிடும் வழியும் நடந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோயும் எச்ஐவியும் சேர்ந்திருந்த டிமோதி ரே பிரவுனுக்கு, பெர்லினில் மருத்துவர் கேரோ ஹ்யூட்டர் 2007-ல் ரத்த செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை மாற்றிப் பொருத்தியபோது, அந்த 32 எழுத்து விட்டுப்போன கொடையாளரைத் தேடிப் பிடித்தார். அதன்பின் பிரவுன் எச்ஐவி மருந்தே இல்லாமல் 2020-ல் புற்றுநோய் திரும்பி இறக்கும் வரை வாழ்ந்தார். உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது. புற்றுநோய் இல்லாதவருக்குச் செய்யத் தகாதது. 2018-ல் சீனாவில் ஹ ஜியான்குய் என்ற ஆய்வாளர் கருவிலேயே சிசிஆர்5 மரபணுவை வெட்டிக் குழந்தைகளைப் பிறக்க வைத்ததை நான் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன். சிசிஆர்5 வைரஸுக்காக உடம்பில் வைத்த கதவு இல்லை. அது இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொற்று கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது என்பது அதற்கு 12 ஆண்டுகள் முன்பே தெரிந்திருந்தது.

பிறகு ஏன் உடம்பு தோற்கிறது?

இத்தனை நல்ல புரதங்கள் இருந்தும் மருந்து இல்லாமல் முடியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கீமோகைன் வாசலில்தான் காவல். ஏற்கெனவே உள்ளே நுழைந்து, செல்லின் டிஎன்ஏவுக்குள் தன் மரபணுவைத் தைத்துவிட்ட வைரஸை அது ஒன்றும் செய்ய முடியாது. அப்படித் தைக்கப்பட்ட சில செல்கள் ஆண்டுக்கணக்கில் தூங்கும், பிறகு விழித்து வைரஸை வெளியிடும். அடுத்தது அளவு. கீமோகைன் சுரக்கும் செல்லுக்கு அருகில் அடர்த்தியாக இருக்கும். தள்ளிப் போனால் நீர்த்துவிடும். எல்லாக் கதவுக்கும் எல்லா நேரமும் துண்டு போட முடியாது. வைரஸ் சிஎக்ஸ்சிஆர்4-க்கு மாறிவிட்டால் முதல் மூன்று கீமோகைன்களின் காவல் வீண்.

எல்லாவற்றையும்விடச் சங்கடமானது, ஆள் கூப்பிடும் குரலே ஆபத்தாவது. தொற்று நுழைந்த இடத்தில் கீமோகைன்கள் குரல் கொடுத்தால் யார் ஓடி வருகிறார்கள்? சிடி4 செல்களும்தான். எச்ஐவிக்கு வேண்டியதும் அவையே. 2009-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆஷ்லி ஹாஸ் குழு குரங்குகளில் இதை நேரடியாகக் காட்டியது. நுழைவிடத்தில் அழற்சிக் குரலை அடக்கும் ஒரு சாதாரணப் பொருளைப் பூசியபோது, சிடி4 செல்கள் அங்கே குவியவில்லை, குரங்கு வைரஸ் தொற்றும் பிடிக்கவில்லை. ஆக, கீமோகைன் என்றாலே நல்லது என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கீமோகைன், எந்த இடம், வைரஸ் வருவதற்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்தது. 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் நம்பி, ஏஆர்டி எனப்படும் எச்ஐவி மாத்திரையை நிறுத்தியவர்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுவது இதனால்தான். கூட்ட வேண்டிய ஒரே சக்தி என்று ஒன்று உடம்பில் இல்லை.

கடைசியாக, அந்த சான் பிரான்சிஸ்கோ தட்டுக்குத் திரும்புவோம். 1995-ல் மூன்று கீமோகைன்கள் கிடைத்ததும் சிஏஎஃப் கிடைத்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். லெவி ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய தட்டில் அடங்கியவற்றில் சிஎக்ஸ்சிஆர்4 கதவைப் பயன்படுத்தும் வைரஸ்களும் இருந்தன. அந்த மூன்றும் அவற்றைத் தொடாது. மேலும் அவர் பார்த்த தடுப்பு வாசலில் நடக்கவில்லை. ஏற்கெனவே தொற்றிய செல்லுக்குள், வைரஸ் தன் மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும் கட்டத்தில் நடந்தது. அதற்குப் பிறகு பல புரதங்களை இதுதான் அது என்று முன்வைத்தார்கள். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. கீமோகைன்களைத் தேட வைத்த அந்தத் திரவத்தில், கீமோகைன்களை நீக்கிய பிறகும் வைரஸை அடக்கும் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்கு இன்னும் லெவி அன்று வைத்த பெயர்தான்.